பன்னிரண்டு ஆடுகளில் மூன்று

சென்னையில் எம்.ஏ. உளவியல் படித்த காலத்தில் எனக்கு எல்லாவற்றிலும் அவசரம். எம்.ஏ. மட்டும் போதாது, அதற்குமேல் பெங்களூரில் இரண்டு வருஷ டிப்ளமா முடித்தால்தான் ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளைப் பார்க்கும் வேலை. அந்த டிப்ளமாவுக்கு மனுப் போட, பத்துப் பிள்ளைகளின் புத்தித்திறனைச் சோதித்து எழுதிய செய்முறை நோட்டு வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் தலைமையாசிரியர் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் ஒரு வருஷம் போச்சு. அந்த ஒரு வருஷத்துக்குள் வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

கோவில்பட்டிக்கு வந்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் அலைந்து ஒன்பதை முடித்திருந்தேன். பத்தாவதற்குப் புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மறுநாளே ரயில் ஏறினால்தான் மனுவைக் கடைசித் தேதிக்குள் கொடுக்க முடியும்.

அச்சடித்த கணக்குக் கேள்விகளில் ஆரஞ்சுப் பழங்கள்தான் இருந்தன. கரிசல்காட்டுப் பிள்ளைக்கு ஆரஞ்சை எங்கே தெரியும் என்று பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, கிளம்பும் முன்பே அவற்றை ஆடுகளாக மாற்றியிருந்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் சோதனை தொடங்கியபின் ஒரு சொல்லை மாற்றினாலும் பதிவு செல்லாது. அதே பிள்ளையிடம் திரும்பக் கேட்கவும் கூடாது.

இந்த விதிகளை நான் சொன்னதும், தலைமையாசிரியரே ஒரு பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒன்பது வயசு, ஆடு மேய்க்கிறவர் மகள்.

“இது மக்குன்னு எழுதிக் கொடுங்கம்மா, ரிஜிஸ்டர்ல பேரை அடிச்சிருதேன். அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வாராரு, மக்கு இருந்தா எனக்குத்தான் கெட்ட பேரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மூக்கை உடைக்கவாவது அவள் நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்யவும் செய்தாள். படங்களில் விட்டுப்போனதைக் காட்டினாள், கதையைத் திருப்பிச் சொன்னாள். பிறகு கணக்கு.

“உன்கிட்ட பன்னெண்டு ஆடு இருக்கு. மூணு போயிட்டு. மிச்சம் எத்தன?”

உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஆறு கணக்குக்கும் அப்படியேதான். கடிகாரத்தைப் பார்ப்பதும் அவள் வாயைப் பார்ப்பதுமாக எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் மதிப்பெண்ணைக் கூட்டினேன். தேறவில்லை. ‘மந்தம்’ என்று எழுதினேன். தலைமையாசிரியர் பேனாவைத் திறந்தார்.

பள்ளிக்கூடம் விடும் நேரம். மகளைக் கூட்டிப்போக வந்த தாய் அதற்குள் வாசலுக்கு வந்திருந்தாள். பிள்ளை எழுந்து ஓடியது.

“எம்மா, நம்ம ஆட்டக் கொறைச்சு எண்ணச் சொல்லுதாவ. நான் வாயத் தொறக்கவேயில்ல.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. “படிச்ச பிள்ளதான நீங்க? ஆட்ட எண்ணி வாயால சொன்னா ஆகாதுன்னு தெரியாதா? போன வருசம் நோவுல போனது பத்தாதா? எம்பிள்ள வாயால வேற கொறையணுமாக்கும்?”

மேஜைமேல் இருந்த சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்தேன். பன்னிரண்டு சாக்பீஸ், மூன்று போயிற்று என்று முடிப்பதற்குள் பிள்ளை, “ஒம்போது” என்றாள். ஆறு கணக்கும் சரி.

“மறுபடி கேட்டது செல்லாதுன்னு நீங்கதான சொன்னிய? மார்க் போட்டாச்சுல்லா. கொடுங்க, கையெழுத்துப் போட்டுருதேன்” என்று தலைமையாசிரியர் கையை நீட்டினார். கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ரயில், டிப்ளமா, கல்யாணம் எல்லாம் வந்து போயின. தாளைக் கிழித்துச் சுருட்டிப் பையில் திணித்தேன்.

“தப்பு என்னுது. இவ பேரை அடிச்சா நானே இன்ஸ்பெக்டர் முன்னால வந்து நிப்பேன்” என்று கத்தினேன்.

பஸ்ஸில், ஒரு வருஷத்தையே விட்டுக்கொடுத்த பெருமையோடுதான் உட்கார்ந்திருந்தேன். சும்மா நோட்டைப் புரட்டியவள் ஆறாவது பதிவில் நின்றுவிட்டேன். கயத்தாற்றுப் பக்கத்துப் பள்ளி, எட்டு வயசுப் பெண். மற்றதெல்லாம் சரி, ஆறு கணக்குக்கும் பதில் இல்லை. கீழே ‘மந்தம்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. தகப்பன் தொழில் என்ற இடத்தை நான் நிரப்பவே இல்லை. பதிவின் நகலை அந்தப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் ரயிலை விட்டுவிட்டு அங்கே ஓடினேன்.

“அந்தப் பிள்ளையா?” என்றார் அங்கிருந்த வாத்தியார். “நீங்க எழுதிக் கொடுத்தியள்லா, அன்னைக்கே பேரை எடுத்தாச்சு. அவிய ஆட்டப் பத்திக்கிட்டு மேற்க போயிட்டாவ.”

மேற்கே எந்த ஊர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.