இருவரும் ஒருவரா?

என் மனைவியின் கைப்பேசியில் இருந்த படங்களை எல்லாம் வீட்டிலேயே ஓரிடத்தில் சேர்த்து வைக்க நினைத்தேன். அவளுடைய முதலாண்டு நினைவுத் திருப்பலிக்குள் முடித்துவிட வேண்டும். எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அவளைக் கொடுக்க மனமில்லை. கொரட்டூர் வீட்டுப் பழைய கணினியில், யாரும் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய மூன்று மென்பொருள்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

முதலாவது வேகமானது. ஆனால் நான் பிரித்து வைத்த கோப்புறைகளை அப்படியே காட்டியதோடு சரி. இரண்டாவது தேதிவாரியாக அடுக்கியது. அச்சுப் படம் ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதி வைக்கிற எனக்கு அது பிடித்திருக்க வேண்டும். வாட்ஸாப்பில் வந்த படங்களில் எடுத்த தேதி இல்லாததால், நான் நகலெடுத்த நாளையே அது தேதியாக்கிக்கொண்டது. அடக்கம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, அவள் ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நீக்கிவிட்டேன்.

மூன்றாவது, கணினியைத் திணறடித்தாலும், முகம் பார்த்து ஆள்வாரியாகத் தொகுத்தது. என் மகளைப் பள்ளிச் சீருடையிலிருந்து கல்யாணப் புடவை வரை ஒரே ஆளாகச் சேர்த்திருந்தது. மனைவியை மட்டும் இரண்டு பேராக்கியிருந்தது. ஒருத்திக்கு உருண்டை முகம், எண்ணெய் வைத்து வாரிய தலை. இன்னொருத்திக்குத் தலையில் துணிக்கட்டு, ஒட்டிய கன்னம். இருவரும் ஒருவரா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "என்னை மட்டும் எப்படிப்பா கண்டுபிடிச்சுது?"

"உன்னை வருஷா வருஷம் எடுத்திருக்கோமேம்மா. கொஞ்சம் கொஞ்சமா மாறினது அதுக்குத் தெரியுது."

அம்மாவைப் பற்றி அவள் கேட்கவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சை நடந்த மாதங்களில், கிறிஸ்துமஸ் வரும்வரை, ஒரு படம்கூட இல்லை. என் மனைவி சென்னைப் பாடியில் பிறந்து வளர்ந்தவள். நான் கைப்பேசியைத் தூக்கினாலே சீறுவாள்.

"இன்னாத்துக்கு இப்போ போட்டோ? தலையப் பாரு, உரிச்ச தேங்கா மாதிரி கீது. முடி வளரட்டும், அப்பால எடு."

வளரும் என்றுதான் நானும் இருந்தேன்.

"ஆமான்னு அமுக்குப்பா," என்றாள் மகள்.

"நீயே அமுக்கு."

அமுக்கினாள். இரண்டு தொகுப்பும் ஒன்றாயின. மெல்ல நகர்த்திப் பார்த்தேன். ஈஸ்டர் அன்று கோயில் வாசலில் நிறைந்த முகத்தோடு நிற்கிறாள். அடுத்த படம் கிறிஸ்துமஸ், துணிக்கட்டு. நடுவில் ஒன்றுமில்லை.

அந்த மாதங்களில் அவள் தினமும் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.