சாமி மாடத்துப் பீங்கான் தட்டு

...எதுத்த வூட்டுக்காரி உள்ளதான் இருந்தா, நான் என் கண்ணால பாத்தேன். அவ நாத்தனார் புருசன் பொட்டியத் தூக்கிகிட்டு சந்து திரும்புறதப் பாத்ததும் கதவச் சாத்தி உள்தாப்பா போட்டுகிட்டா. அந்த மனுசன் தட்டித் தட்டிப் பாத்துட்டு, என்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, பெண்ணாடம் பஸ்ஸுக்குத் திரும்பிப் போனாரு. நாளைக்கு அவளப் பாத்தா நீ ஒண்ணும் கேட்டு வைக்காத, நான் சொன்னதா ஆயிடும். வேர்க்கடலைய உரிச்சுகிட்டே கேளு. இந்த மல்லாட்டைய இன்னிக்குள்ள உரிச்சாவணும், சாயங்காலம் செக்குக்காரன் வந்துடுவான்.

சொந்தத்துக்கே கதவு சாத்துறாளே, எங்க வூட்டுக்கு அந்தக் காலத்துல யாரு யாரு வந்தாங்க தெரியுமா? சீமையிலேருந்து வந்தாங்க. முன்னப் பின்ன தெரியாத சனம். நெசமாத்தான் சொல்றேன், சிரிக்காத.

எங்க வூட்டுக்காரர் அப்ப செராமிக் கம்பெனில சூளை பிரிக்கிற வேலை பாத்தாரு. வெந்த சாமானெல்லாம் சூடு ஆறினதும் ஒண்ணொண்ணா வெளிய எடுக்கணும். வூட்டுக்கு வந்தா தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் வெள்ளத் தூசு. கல்யாணமான புதுசுல எனக்கு, இவருக்கு இவ்ளோ வயசா ஆச்சுன்னு பயமாப் போச்சு. குளிச்சிட்டு வந்தப்பறந்தான் உசுரு வந்துச்சு. அத வுடு.

சர்ச்சு தெருவுல ஒரு பெரிய வாத்தியார் இருந்தாரு, வேதக்காரரு, தங்கமான மனுசன். அவர்தான் இவருகிட்ட ஒரு சங்கத்தப் பத்திச் சொன்னது. ஒலகம் பூரா அதுல ஆளுங்க இருக்காங்களாம். ஊரு பாக்க வர்றவங்களுக்கு ரெண்டு ராத்திரி படுக்க எடமும் சோறும் குடுக்கணும். காசு வாங்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது. இவரு சரின்னு பேரு குடுத்துட்டு வந்து அப்பறமா என்கிட்ட சொல்றாரு.

"நமக்கு என்னங்க இதுல?"ன்னேன்.

"அவங்க வூட்டுக்கு நாமளும் போவலாம். கன்னியாகுமரில ஒரு வூடு இருக்குதாம் சங்கத்துல."

"அங்க என்ன இருக்குது?"

"மூணு கடல் ஒண்ணாச் சேருதாம்."

எனக்கு அப்பவே ஆச வந்துடுச்சு. நான் அதுவரைக்கும் மேக்கால திட்டக்குடி, கெழக்கால ஒரு துக்கத்துக்கு நெய்வேலி, அவ்ளோதான். ஒரு கடலையே பாத்ததில்ல, மூணு கடலாம். எங்க மாமியாகூட, "மூணுலயும் ஒரு முழுக்குப் போட்டா நல்லதுதான்"னாங்க. ஆனா வாத்தியார் ஒண்ணு சொல்லிட்டாரு. மொதல்ல வர்ற ஆளு நல்லபடியா தங்கிட்டுப் போனாத்தான் நம்ம வூட்ட சங்கத்துல சேத்துக்குவாங்களாம். மனசு கோணிப் போனா அவ்ளோதான், கன்னியாகுமரி கெடையாது.

மொதல்ல வந்தது ஒரு வெள்ளக்காரம்மா. என்னவிட பெரியவங்க, நரச்ச தலை, முதுகுல ஒரு மூட்ட. அவங்க நாட்டுல அவங்களும் மண்ணு பெசஞ்சு சட்டி பானை செய்யிறவங்களாம், அதான் நம்ம ஊரப் பாக்க ஆசப்பட்டிருக்காங்க. வாத்தியார் கொண்டாந்து வுட்டுட்டு, "காலைல வரேன்மா"ன்னு போயிட்டாரு. அப்பறம் எல்லாம் கை பாசைதான். நான் கோழி மாதிரி கொக்கரிச்சு முட்ட வேணுமான்னு கேட்டேன். அந்தம்மா சேவல் மாதிரி பதில் கூவிச்சு. அப்படியே ஒட்டிகிட்டோம்.

சாப்பாட்டு நேரத்துலதான் வெனையே. எங்க வூட்டுல ஒரே ஒரு பீங்கான் தட்டு இருந்துச்சு. ஆயுத பூசைக்கு கம்பெனில குடுத்தது, ஓரத்துல நீலப் பூ போட்டது. பீங்கான் சுடுற ஊருன்னு பேரு, நாங்க தின்றது எல்லாம் அலுமினியத் தட்டுலதான். அந்தப் பீங்கான சாமி மாடத்துல வச்சு, வெத்தல பாக்கு பழம் வைக்க வச்சிருந்தோம். எங்க வூட்டுக்காரர் போயி அத எடுத்துகிட்டு வந்து, தன் துண்டாலயே தொடச்சு, அந்தம்மாவுக்கு வச்சாரு. எங்களுக்கு அலுமினியம்.

அந்தம்மா தன் தட்டப் பாத்துச்சு, எங்க தட்டெல்லாம் பாத்துச்சு. கொஞ்சமாத் தின்னுட்டு எழுந்திரிச்சிடுச்சு.

நான் தட்டக் கழுவி மாடத்துல வைக்கப் போனா, எங்க மாமியா கையப் புடிச்சிகிட்டாங்க. "மாட்டுக்கறி தின்ற வாயி. அது இனிமே சாமிக்கு ஆவாது. தோட்டத்துல கல்லு மேல வையி, நாளைக்கும் அவளுக்கு அதுலயே போட்டுக்கலாம்." நானும் வச்சிட்டேன். அவங்க சொன்னா வைக்க வேண்டியதுதான, எனக்கு அது பெருசாவே தெரியல.

விடிஞ்சு அந்தம்மா பல்லு வெளக்கத் தோட்டத்துப் பக்கம் போச்சு. திரும்பி வந்து மூட்டயக் கட்டுது. வாத்தியார் வந்ததும் அவர்கிட்ட என்னமோ மெதுவாச் சொல்லுது. அவரு மூஞ்சி சுண்டிப் போச்சு.

"வடக்க ஒரு வூட்டுல இவங்களுக்குன்னு தட்ட ஒதுக்கி வச்சாங்களாம். தொட்டாத் தீட்டுன்னு. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சிட்டாங்க. ஒங்களுக்குத் தொந்தரவு வேணாம், கெளம்புறேங்குறாங்க."

எங்க வூட்டுக்காரர் பதறிட்டாரு. "சாமி தட்டு சார் அது. எங்க வூட்டுல இருக்குறதுலயே ஒசந்தது அதான் சார்."

"அப்படின்னா அது ஏன்யா தோட்டத்துல கெடக்குது?"

எங்க வூட்டுக்காரருக்கு மாமியா சொன்னது தெரியாது பாரு. என்னப் பாக்குறாரு. நான் மாமியாளப் பாக்குறேன். அவங்க மாட்டக் கட்டப் போற மாதிரி கொல்லப் பக்கம் நழுவுறாங்க. அப்ப எங்க வூட்டுல மாடே கெடையாது.

நானும் அப்பறம் எவ்வளவோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன். தட்டு ஒண்ணுதான். ராத்திரி அவரு வைக்கறப்ப அது மரியாத. மாமியா வைக்கச் சொன்னப்ப அது ஒதுக்குறது. வெள்ளக்காரம்மா நெனச்சது தப்புன்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில காலனி ஆளுங்களுக்குன்னு தனியா டம்ளர் கவுத்து வச்சிருப்பான். தெனமும் அதத் தாண்டித்தான் போவேன், ஒரு நாளும் எனக்கு உறுத்தினதில்ல. அன்னிக்குக் கல்லு மேல எங்க தட்டப் பாத்தப்ப, அந்த டம்ளருதான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

அப்ப என்ன செஞ்சேங்குற? பேசத் தெரியாது, வாத்தியார் பேசினாலும் அந்தம்மா நம்பாது. தோட்டத்துக்குப் போயி அந்தத் தட்ட எடுத்தாந்தேன். பழைய சோத்தப் பிழிஞ்சு அதுல போட்டு, மோர் ஊத்தி, அந்தம்மா பக்கத்துல ஒக்காந்து திங்க ஆரம்பிச்சேன். என் அலுமினியத் தட்ட அவங்க பக்கம் தள்ளி வுட்டேன்.

கொல்லையிலேருந்து குரல் வருது. "ஏண்டி, என்னடி பண்ற?"

"பசிக்குது அத்த."

பீங்கான்ல தின்றது எனக்கு அதான் மொதத் தடவ. சோறு வழுக்குது, நிக்கவே மாட்டேங்குது, மோரு மடியில ஓடுது. அந்தம்மா பாத்துகிட்டே இருந்துச்சு. அப்பறம் சிரிச்சுச்சு. மூட்டய எறக்கி வச்சிட்டு என் ஒடுக்கு விழுந்த தட்ட எடுத்துகிட்டுச்சு. இன்னொரு ராத்திரியும் தங்கி, சூளையெல்லாம் பாத்துட்டு, "போயிட்டு வரேன்"னு தமிழ்லயே சொல்லிட்டுப் போச்சு. மாமியா அன்னிக்குப் பூரா என்கிட்ட பேசல. நானும் பேசச் சொல்லிக் கேக்கல.

கன்னியாகுமரிக்குப் போனமான்னு கேளேன். போனோம். மாமியாளும்தான் வந்தாங்க, முழுக்குப் போடணுமே. அந்த வூட்டுக்காரங்க வேதக்காரங்க. அந்த வூட்டுப் பொண்ணு எல்லாருக்கும் தட்டு வைக்குது. எங்க மாமியா, மஞ்சப் பையிலேருந்து தன் தட்ட எடுத்து முன்னால வச்சிகிட்டாங்க. ஊருலேருந்தே சுமந்துகிட்டு வந்திருக்காங்க, எனக்கே தெரியாது.

கரண்டியோட நின்ன அந்தப் பொண்ணு முகத்தப் பாக்கணுமே. அப்படியே அந்த வெள்ளக்காரம்மா முகம். மாமியாளும் நிமிந்து பாத்தாங்க. அப்பறம் தன் தட்ட எடுத்துப் பையில சொருகிட்டு, "உன் தட்டு ஒண்ணு எனக்கும் வையி தாயி"ன்னாங்க.

அப்பறம் கடலப் பாக்கப் போனோம். மூணு கடலும் எது எதுன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல, எல்லாம் ஒரே தண்ணியாத்தான்... ஏய், ஏய், ச்சூ. அங்க பாரு, ஆடு காயப் போட்டதுல வாய வைக்குது. அந்தக் குச்சிய எடு, ஓடு, நான் மொறத்தப் புடிச்சிக்கிறேன்.