வெள்ளைப்பூ வரும்வரை

கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்த வருடம் எனக்கு நிகழ்தகவுப் புதிர்கள் என்றால் பைத்தியம். பையிலிருந்து வெள்ளைப் பந்து வந்தது என்றால் உடனே கணக்குப் போடக் கூடாது. எந்த நிபந்தனையில் எடுத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

அந்த லீவில் சோமனூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கலாமா என்று அப்பா முருகன் சன்னதியில் பூ வைத்துக் கேட்டார். வெள்ளைப்பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூசாரி இரண்டு பூவையும் தனித்தனியாக மடித்துக் குலுக்கிப் போட்ட பொட்டலங்களில் அப்பா ஒன்றை எடுத்தார். சிவப்பு.

"இன்னொருக்காக் கேட்டுப் பார்க்கலாமுங்க" என்றார் பூசாரியிடம். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த அப்பா, பழுதென்று ஒருமுறை கழித்த பீஸை மறுபடி தொடமாட்டார். இங்கே மறுபடியும் எடுத்தார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியா கண்ணு, முருகனே உத்தரவு குடுத்துட்டாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்கப்பா, வெள்ளை வர்ற வரைக்கும் எடுத்தா வெள்ளை வராம வேறென்ன வரும்? இதுல முருகன் எங்கீங்க சொன்னாரு?"

"சாமிகிட்டயே கணக்குப் போடறயா?" என்று கையை ஓங்கினார். நான் நகரவில்லை.

"செரிங்க, இனி நான் எடுக்கறேன். சிவப்பு வர்ற வரைக்கும் எடுப்பேன்" என்று கையை நீட்டினேன்.

அப்பா சட்டென்று இரண்டு பொட்டலங்களையும் அள்ளி மடியில் செருகிக்கொண்டார். என் கணக்கு அவருக்கும் புரிந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சோமனூருக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பினார். நான் படித்து முடித்தேன்.

இன்றும் யாராவது என்னிடம் சாமி உத்தரவு என்று சொன்னால், எத்தனை தடவை கேட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன்.