தோளைப் பிடிக்கச் சொன்னவர்

மூதூருக்குப் போகும் படகில் ஏறுகிறவர்களைக் கவனிப்பது ஒரு படகுக்காரரின் வேலை. மெலிந்த உடம்பு, நரைத்த தாடி. ஒரு காலை இறங்குதுறையிலும் மற்றக் காலைப் படகிலும் ஊன்றியபடியே நிற்பார்.

முழங்கால் நோவுள்ள என் அம்மா, படகு ஆடுவதைக் கண்டு தயங்கி நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா தடுமாறிச் சரிந்தார். படகுக்காரர் பாய்ந்து தாங்கிக்கொண்டார்.

"இழுக்காதீங்க தம்பி, இழுத்தா விழுந்திருவாங்க" என்றவர், அம்மாவிடம் குனிந்தார். "என்ட தோளைப் பிடிங்கம்மா. எப்ப ஏறலாமெண்டு நீங்களே சொல்லுங்க."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அசையவில்லை.

"ஓம், இப்ப ஏறுவம்" என்று சொல்லி அம்மா ஏறினார்.

அதுவரை எத்தனையோ படிகளில் அம்மாவைக் கைபிடித்து ஏற்றியிருக்கிறேன். ஆயத்தமோ என்று ஒருநாளும் கேட்டதில்லை.