பாதியில் நின்ற காது மருந்து

1. கடையில் முதல் நாள்

நாட்டை விட்டு வந்த பிறகு, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், அஜின்கோர்ட் என்ற இடத்தில் ஒரு சீன மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முதல் கோழி வெட்டும் பக்டரியில் நின்றேன். அந்தக் குளிரில் கை விறைத்துப்போகும். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இதைவிட வேறு வேலை எங்கே கிடைக்கும்? கடை முதலாளி ஹொங்கொங்காரர். மருத்துவரும் அவர்தான். அவருக்கும் இங்கிலிஷ் குறைவு, எனக்கும் குறைவு. அதனால் எங்களுக்குள் வாக்குவாதம் வந்ததில்லை. பின்னறையில் இருந்து வேர்களைத் துப்புரவாக்கி, சீவி, தராசில் நிறுத்து, பையில் கட்டுவது என் வேலை. ஆட்களோடு கதைக்கத் தேவையில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

முதல் நாளே ஒரு சீனப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, பலத்துக்கு மருந்து கேட்டார். முதலாளி பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். சுட்டுவிரலைத் திருப்பி அதில் ஓடும் நரம்பைப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளுக்கு அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு திறந்த மருந்து லாச்சியை மூடிவிட்டு, எங்கள் கடை இருந்த பிளாசாவின் மற்ற மூலையில் இருந்த கிளினிக்கைக் கையால் காட்டினார். அந்தப் பெண் ஏசிக்கொண்டு போனார்.

மத்தியானம் தேநீர் குடிக்கும்போது அவரே எனக்கு விளக்கினார்.

"ஃபீவர், நோ டொனிக். தீஃப் இன் ஹவுஸ். யூ லொக் டோர், தீஃப் ஸ்டே."

கள்ளன் உள்ளே நிற்கும்போது கதவைப் பூட்டினால் அவன் எப்படி வெளியே போவான்? பலம் கொடுக்கும் வேர் காய்ச்சல் போன பிறகுதான் என்பது அவருடைய சட்டம். தன் பேரப்பிள்ளைக்கு எல்லாத் தடுப்பூசியும் தவணை தவறாமல் போட்டவர் அவர். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளையைக் கொண்டுவந்தால், டொக்டர் என்ன மருந்து தந்தவர் என்று முதலில் கேட்பார். அது முடிந்த பிறகு வரச் சொல்லுவார். அப்போதுதான் வொங் கேய் என்ற மஞ்சள் வேரும் சிவப்புப் பழமும் கஞ்சியில் போடக் கொடுப்பார்.

2. மா விற்கிறவர்

சனிக்கிழமைகளில் பரமநாதன் என்று ஒருவர் வந்து அந்த வேரை மூட்டையாக வாங்குவார். பொடியாக்கி, சுக்கும் மிளகும் கலந்து, போத்தலில் அடைத்து, 'குழந்தை எதிர்ப்புச் சக்தி மா' என்று எங்கள் சனத்துக்கு விற்பார். பிறந்தநாள் வீடுகளிலும் கலியாண ஹோல்களிலும் நல்ல வியாபாரம். நான் தமிழ் என்று கண்டதும் அவருக்குப் பெரிய சந்தோசம்.

"எங்கட ஆக்களே? எந்த ஊர் அக்கா?"

"கைதடி."

"அப்ப பிரச்சினை இல்லை. சித்த வைத்தியசாலை இருக்கிற ஊரெல்லே. கைதடி அக்கான்ரை கையாலை கட்டின வேர் எண்டு சொல்லியே விக்கலாம்."

"காய்ச்சல்காரப் பிள்ளையளுக்கு உது குடுக்கக் கூடாதாம் அண்ணை," என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னேனோ தெரியாது, அவருக்குக் கேட்டுவிட்டது.

"சீனன் அப்பிடித்தான் சொல்லுவான் அக்கா. வெள்ளைக்காரன்ரை மருந்து பிள்ளையின்ரை சொந்தச் சக்தியைத் திண்டுபோடும். நான் சனத்துக்கு அதைத்தான் விளங்கப்படுத்துறன்."

விளங்கப்படுத்துகிறாராம்.

3. சுகந்தியின் பிள்ளை

எங்கள் பில்டிங்கில் எனக்குக் கீழ்மாடியில் சுகந்தி இருந்தாள். புருஷன் இரண்டு வேலை. மகள் அபிராவுக்கு இரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லோண்ட்ரி அறையில் கண்டேன். பிள்ளை தாயின் தோளில் கிடந்து காதைப் பிடித்துப் பிடித்து அழுதது. உடம்பு கொதித்தது.

"என்ன பிள்ளை, காதுக்குத்தோ?"

"ஓம் அன்ரி. டொக்டர் அந்த வாழைப்பழ வாசம் அடிக்கிற மருந்து தந்தவர். ரெண்டு நாள் குடுத்தன், காய்ச்சல் விட்டுது. பிறகு நிப்பாட்டிப்போட்டன்."

"ஏன் நிப்பாட்டினனீ?"

"பரமநாதன் அண்ணைதான் சொன்னவர். அந்த மருந்து பிள்ளையின்ரை சக்தியைக் கொல்லுமாம். இப்ப பாலிலை மா கரைச்சுக் குடுக்கிறன்."

"திரும்பவும் காய்ச்சல் காயுதே பிள்ளை. டொக்டரிட்டைக் கொண்டு போ."

"டொக்டர் ரெண்டு நிமிசம் பாத்தார், எழுதினார், எழும்பிப் போனார். நான் கேட்டதுக்கு மறுமொழி இல்லை. பரமநாதன் அண்ணை எங்கட வீட்டை வந்து, ஒரு மணித்தியாலம் இருந்து கதைச்சவர். நீங்கள் என்ன அன்ரி, கம்பஸிலை படிச்சுப்போட்டோ எனக்குச் சொல்லுறியள்?"

எனக்கு முகம் சுட்டது. உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். ஆனால் நித்திரை வரவில்லை. அந்த மாவில் இருந்தது என் கையால் சீவிய வேர்.

விடிந்ததும் போய்க் கதவைத் தட்டினேன். "சீன மருந்திலைதானே உனக்கு நம்பிக்கை? அந்த வேர் விக்கிற டொக்டரிட்டையே காட்டுவம், வா."

அதற்கு மட்டும் வந்தாள்.

முதலாளி விரல் நரம்பைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் தொப்பியைக் கழற்றிக் காதைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, மடல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. சுகந்தி மாப் போத்தலை நீட்டினாள். அவர் அதை வாங்கவும் இல்லை.

"ஹொஸ்பிட்டல். நவ்."

கடையைப் பூட்டிவிட்டு அவரே காரில் கொண்டுபோய் இறக்கினார்.

காதுக்குப் பின்னால் எலும்புக்குள் சீழ் இறங்கிவிட்டது என்றார்கள். ஒப்பரேசன் செய்தார்கள். அந்த மருந்தை முழுக்கக் கொடுத்திருந்தால் இவ்வளவுக்கு வந்திராது என்று அங்கே ஒரு நர்ஸ் சொல்லிவிட்டார். சுகந்தி என் தோளில் விழுந்து அழுதாள். பிள்ளை தப்பியது. ஆனால் அந்தக் காது கேட்பது குறைந்துவிட்டது.

4. சனிக்கிழமையும் அதற்குப் பிறகும்

பரமநாதன் வழமைபோல வந்தார். முதலாளி கையை விரித்தார். "நோ செல். யூ, நோ."

அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன அக்கா கோள் மூட்டினனீங்கள்?"

"அபிரான்ரை காது போச்சு."

"தாய்க்காரி காலம் பிந்திக் குடுத்திருப்பா. ஒழுங்காக் குடுத்த எத்தினை பிள்ளையள் நல்லா இருக்குதுகள் தெரியுமோ?"

"நல்லா இருக்கிற பிள்ளை உம்மடை மா இல்லாமலும் நல்லா இருக்கும். வருத்தக்காரப் பிள்ளையின்ரை மருந்தை நிப்பாட்ட நீர் ஆர்?"

என் குரலை நானே அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. கடையில் நின்ற சீனச் சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. பரமநாதன் சிரித்துக்கொண்டு போனார். அடுத்த பிளாசாவில் வேறு கடை இருந்தது. அந்த வருடம் முழுக்க மா விற்றார். அவரை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் அவரை மட்டும் ஏசி என்ன பயன்? அந்த வீட்டுக்குள் அவர் நுழையக் கதவைத் திறந்து விட்டது யார்?

அடுத்த முறை சுகந்தி குடும்ப டொக்டரிடம் போனபோது நானும் போனேன். அவரும் எங்கள் ஆள்தான். காதைப் பார்த்தார், தலையை ஆட்டினார், மருந்து எழுதினார், எழும்பினார். சுகந்தியும் எழும்பினாள். நான் எழும்பவில்லை.

"தம்பி, இருங்கோ. இவ கேக்க வந்ததைக் கேக்கட்டும்."

"வெளியிலை ஆக்கள் நிக்கினம் அம்மா."

"நிக்கட்டும். போன முறை நீங்கள் எழும்பிப் போனபடியாலைதான் இவ மா விக்கிறவனிட்டைக் கேட்டவ."

அவருடைய முகம் கறுத்தது. கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்தார். பிறகு வந்து இருந்தார். காய்ச்சல் விட்டாலும் ஏன் மருந்தை முடிக்க வேண்டும், அடுத்த தடுப்பூசி எப்போது, சீனக் கஞ்சி கொடுக்கலாமா, எப்போது கொடுக்கக் கூடாது என்று சுகந்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னார். கன நேரம் எடுக்கவில்லை.

இதை வாசிக்கிற பிள்ளைகள் நாளைக்கு டொக்டராக வரலாம், நர்ஸாக வரலாம், மருந்துக் கடையில் நிற்கலாம். உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மருந்தைக் கொடுத்தால் அதை ஏன் முடிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். தாய் கேட்டு முடியும்வரை எழும்பாதீர்கள். அபிரா இப்போதும் ஆட்கள் கதைக்கும்போது நல்ல காதைத்தான் திருப்பிக் கொடுக்கிறாள்.