கோணக்கழுத்து ஸ்பானர்

போன் வந்தபோது ஸ்பானர்காரர் பின்கட்டு அறையில் ஒரு துருப்பிடித்த பைப் ரிஞ்சை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு, அது எப்போது வாயைத் திறக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார். பேசியது அவர் மச்சினனின் பேக்கரியில் ரொட்டி சுற்றிக் கட்டும் அம்மா. எப்போதும் ஆற அமரப் பேசுகிறவள், இன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். முதலாளியின் வலது கை மாவு பிசைகிற மிஷினில் மாட்டிக்கொண்டது. மெயினை இறக்கியாயிற்று. ஆனால் மிஷின் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. உள்ளே சுற்றுகிற கொக்கியைக் கழற்றினால்தான் கை வெளியே வரும். கொக்கியின் நட்டில் புது ஸ்பானர் நுழையவே மாட்டேன் என்கிறது.

"பழசு உங்ககிட்டதான் இருக்காம். சீக்கிரம் எடுத்துட்டு வாங்கண்ணே. அவருக்குக் கண்ணு சொருகுது."

மனுஷன் போனைக் காதிலிருந்து எடுக்கவும் மறந்து நின்றார்.  பழசு அவரிடம்தான் இருந்தது, அதிலே சந்தேகமில்லை. எதிர்ச்சுவர் ஆணியில் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நட்டுக்கு அது இப்போது உதவாது. உதவாதபடி செய்தது வேறு யாருமில்லை, இவரேதான்.

இவர் தொழில் பம்பு மெக்கானிக். எங்கெங்கோ போய்த் தண்ணீர்ப் பம்புகளைப் பிரித்து மாட்டிவிட்டு வருவார். மற்றவர்கள் வெளியூர் போனால் பெண்டாட்டிக்கு ஏதாவது வாங்கி வருவார்கள். இவர் பழைய இரும்பு கொண்டுவருவார். ஸ்பானர், ரிஞ்ச், குறடு, சுத்தி, எதுவானாலும் சரி. பழசாக இருக்க வேண்டும், எவன் கையிலாவது தேய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சும்மா பிடுங்கிக்கொண்டு வரமாட்டார், அந்த மட்டும் நியாயஸ்தர். பையில் எப்போதும் புத்தம்புதுச் சாமான் இரண்டு மூன்று இருக்கும். "புதுசை வச்சுக்க, பழசைக் குடு" என்பார். யார்தான் வேண்டாம் என்பார்கள்? கையோடு இன்னொன்றும் கேட்பார். உங்கள் பக்கம் இதற்கு என்ன பேர்?

அந்தப் பேர்களில்தான் அவருக்கு உயிரே. ஓர் ஊரில் எந்த நட்டுக்கும் வாயை மாற்றிக்கொள்ளும் ஸ்க்ரூ ஸ்பானருக்குத் 'தரகர்' என்று பேர். இன்னோர் ஊரில் பெரிய சம்மட்டி 'பெரியவர்'. எதற்கும் படியாத சாமானை அவர் முன்னால் நிறுத்தினால் படிந்துவிடுமாம். ஒவ்வொன்றையும் துடைத்து, தேய்த்து, சுவரில் மாட்டி, கீழே வெள்ளைப் பெயிண்டில் அதன் பேரை எழுதிவைப்பார். பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர் மனைவி மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருநாள் பலகை சரிந்து பெரியவர் அவள் கால்மேல் விழுந்ததிலிருந்து, "அந்த இரும்புக்கடைக்குள்ள இனி நான் காலெடுத்து வைக்கமாட்டேன்" என்று சொன்னவள், சொன்ன சொல்லில் நின்றாள்.

அவள் பிறந்ததே அந்தப் பேக்கரியின் பின்வீட்டில். அப்பா காலத்துக் கடை, இப்போது தம்பி நடத்துகிறான். சில மாதங்களுக்கு முன் ஸ்பானர்காரர் அங்கே டீ குடிக்கப் போனவர், மாவு மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்பானர் தொங்குவதைப் பார்த்துவிட்டார். தலை மெலிந்து, கழுத்து ஒருபக்கமாய்க் கோணிக்கொண்டு கிடந்தது. பார்த்ததுமே நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. புதுசை நீட்டினார். மச்சினன் ஸ்பானரைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், பிறகு கழற்றிக் கொடுத்தான். பேர் கேட்டதற்கு, வீட்டில் 'கோணக்கழுத்து' என்பார்கள் என்றான். இவர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் அருமையான எஃகு. இப்படி ஒரு சாமானை எவனோ வளைத்துக் கெடுத்திருக்கிறானே, குரங்கு கையில் பூமாலை கிடைத்த கதைதான் என்று தலையில் அடித்துக்கொண்டார். தீயைப் பீய்ச்சும் புளோ லேம்ப்பைப் பற்றவைத்து, கழுத்தைச் சிவக்கக் காய்ச்சி, வைஸ் இடுக்கியில் பிடித்து நிமிர்த்தினார். கோடு போட்ட மாதிரி நிமிர்ந்தது. தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டி, அதன் கீழே 'கோணக்கழுத்து' என்றும் எழுதினார். நிமிர்ந்து நிற்கிற சாமானுக்குக் கோணக்கழுத்து என்று பேரெழுதியபோதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. பேரைக் கேட்டவர், இது எந்த நட்டுக்கு என்று கேட்கவில்லை.

இப்போது கேளாமலே தெரிந்தது. அந்த மிஷினின் நட்டு கியர்ப்பெட்டிக்கும் கொக்கிக்கும் நடுவில், விரல்கூடப் போகாத சந்தில் இருக்கிறது. அதற்குள் போய்த் திரும்பத்தான் கழுத்தை வளைத்திருக்கிறார்கள்.

அவர் மனைவி என்னவென்று கேட்டுக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். சொன்னார். தம்பி என்றதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று. எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதானே, ஏன் நிற்கிறீர்கள் என்றாள். இவர் சுவரைக் காட்டினார். அவள் வருஷக்கணக்காய் மிதிக்காத வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, அந்த நேரான இரும்பைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

அவர் புளோ லேம்ப்பை எடுத்தார். தீக்குச்சி இரண்டு முறிந்து விழுந்தது. அவளே வாங்கிப் பற்றவைத்தாள்.

இரும்பு காய்வதற்கு என்ன அவசரம்? நம் அவசரம் அதற்குத் தெரியுமா? நீலச் சுவாலை சீறிக்கொண்டேயிருந்தது, கழுத்து கறுப்பாகவே இருந்தது. நடுவில் போன் அடித்தது. பேக்கரி அம்மாதான். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, பாலத்தில் லாரி கவிழ்ந்து வண்டி அந்தப் பக்கமே நிற்கிறது. வெல்டிங்காரர் வந்து பார்த்துவிட்டு, கைக்கு இவ்வளவு பக்கத்தில் நெருப்பைக் காட்டினால் கை வெந்துவிடும் என்று பின்வாங்கிவிட்டார். முதலாளிக்குக் கையில் உணர்வே இல்லையாம். வலிக்கிறது என்று கத்தினவர் இப்போது வலிக்கவில்லை என்கிறாராம். அதைக் கேட்டதும்தான் அவர் மனைவிக்கு அழுகை வந்தது.

கழுத்து மெல்லச் சிவந்தது. வைஸில் பிடித்து, கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி அமுக்கப்போனவர் அப்படியே நின்றுவிட்டார். எவ்வளவு வளைப்பது? கூட வளைந்தாலும் நுழையாது, குறைந்தாலும் நுழையாது. எந்தக் கோணலைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டாரோ, அது எத்தனை கோணல் என்று அவருக்கு நினைவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார். பளபளப்புதான் வந்தது.

"அமுக்குங்க" என்றாள் அவள்.

"எவ்வளவுன்னு தெரியலையே."

"எனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்து கொக்கிய நான்தானே கழட்டிக் கழுவுவேன். அமுக்குங்க, சொல்றேன்."

அவள் தன் வலது கையை முன்னால் நீட்டி, இல்லாத ஸ்பானரைப் பிடித்து, இல்லாத நட்டுக்கு மணிக்கட்டை மடக்கினாள். அந்த மடக்கைப் பார்த்துக்கொண்டே இவர் குழாயை அமுக்கினார். இன்னும் என்றாள். இன்னும் கொஞ்சம். ஐயோ, கூடிப்போச்சு, பின்னால் எடுங்க. போதும். எந்தெந்த ஊரிலோ யார் யாரையோ நிறுத்திவைத்துக் கேட்ட மனுஷனுக்கு, பக்கத்தில் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே! அதையெல்லாம் நினைக்க இப்போது நேரமில்லை. வாளித் தண்ணீரில் முக்கினார், புஸ்ஸென்று ஆவி வந்தது, துணியில் சுருட்டிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். செருப்புப் போடவில்லை என்பதே தெருமுனையில்தான் தெரிந்தது.

பேக்கரிக்குள் கூட்டம். கதவோரம் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மச்சினன் மிஷின் விளிம்பில் சாய்ந்து, யாரோ வைத்த ஸ்டூலில் பாதி உட்கார்ந்தும் பாதி தொங்கியும் இருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கரண்ட் போயிருந்த நேரத்தில் மாவுத் தொட்டியின் அடியில் காய்ந்த மாவைச் சுரண்டியிருக்கிறான். மிஷின் சுவிட்சை அணைக்கவில்லை. கரண்ட் வந்ததும் கொக்கி அரைச் சுற்றுச் சுற்றிக் கையைத் தொட்டியோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ரொட்டி கட்டும் அம்மா பாய்ந்து மெயினை இறக்கியிருக்காவிட்டால் கை அப்போதே போயிருக்கும்.

அக்காவைப் பார்த்ததும் அவன் கண் கலங்கியது. அவள் அவன் தலையை ஒருமுறை தொட்டாள், பிறகு அவன் பக்கம் பார்க்கவேயில்லை.

ஸ்பானர்காரர் ஸ்பானரைச் சந்தில் விட்டார். கியர்ப்பெட்டியில் இடித்தது. திருப்பி விட்டார், அப்போதும் இடித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. நாசமாய்ப் போச்சு, கோணல் தப்பிவிட்டது என்று நினைத்தார். அவள் அவரைத் தோளால் தள்ளினாள். ஸ்பானரை வாங்கி, மேலிருந்து விடாமல், முட்டிபோட்டுக் கீழேயிருந்து மேலே ஏற்றினாள். டக்கென்று நட்டைக் கவ்வியது.

ஆனால் நட்டு அசையவில்லை. மாவும் எண்ணெயும் ஏறிக் கல்லாய் இறுகியிருந்தது. அவள் இழுத்தாள். அவர் அவள் கைக்கு மேல் தன் கையை வைத்து இழுத்தார். ஒரு தடவை காய்ச்சி நிமிர்த்தி, மறுபடி காய்ச்சி வளைத்த இரும்பு. இப்போது கழுத்து முறிந்தால் எல்லாம் முடிந்தது. அது அவருக்குத் தெரியும், அங்கிருந்த வேறு யாருக்கும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கிறீச்சென்றது. நட்டா, கழுத்தா? நட்டு.

துளித் துளியாகத்தான் திரும்பியது. எடுத்து, புரட்டி, மறுபடி கவ்வவைத்து, மறுபடி இழுத்து. கடைசியில் கொக்கி தொளதொளவென்று ஆடியது. வெல்டிங்காரரும் ஸ்பானர்காரரும் அதை மேலே தூக்க, அக்கா தம்பியின் கையைக் குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தாள். அவன் அப்படியே அவள்மேல் சரிந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கை இருக்கும் என்றார். நாலு விரலும் பிழைத்துவிட்டது. கட்டைவிரலுக்குத்தான் வெகுநேரம் ரத்தமே போகவில்லை, அதை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். மாவு உருட்டிப் பிழைக்கிறவனுக்குக் கட்டைவிரல் இல்லை.  மனைவி திட்டுவாள் என்று ஸ்பானர்காரர் காத்திருந்தார். திட்டட்டும், நாலு பேர் பார்க்கத் திட்டட்டும் என்று இருந்தது. அவள் அவரைத் தாண்டித் தம்பியைப் பார்க்க உள்ளே போனாள்.

மயக்கம் தெளிந்து தம்பி முதலில் கேட்டது அதைத்தான். வர ஏன் அவ்வளவு நேரமாச்சு என்றான்.

"எங்க வச்சோம்னு தெரியல. தேடிக் கண்டுபிடிக்க நேரமாயிடுச்சுடா" என்றாள் அக்கா. கண்ணிமைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போனாள்.

அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலோரம் போட்டார்.

"அக்கா சொன்னது பொய் மாப்ளே. தேடல. சுவத்துலதான் தொங்குச்சு. நான்தான் அதை நிமித்தி வச்சிருந்தேன்."

"தெரியும் மாமா. போன மாசம் உங்க வீட்டுக்கு வந்தப்பவே பார்த்தேன். அக்காவுக்கு வளைவு தெரியும்னுதான் போன் பண்ணச் சொன்னேன்."

"பார்த்தியா? அப்புறம் கொக்கிய எதை வச்சுடா கழட்டின?"

"கழட்டல. நீங்க எடுத்துட்டுப் போனதுலேர்ந்து கைய உள்ள விட்டுத்தான் சுரண்டிக்கிட்டு இருந்தேன்."

 அது உள்ளே இறங்கியதும் அவருக்குக் கோபம்தான் வந்தது, அவன்மேலா தன்மேலா என்று தெரியாத கோபம். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? மாமா, எனக்கு அது வேணும்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை?"

மச்சினன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

"அன்னைக்கே குடுக்க மனசில்ல மாமா. ஆனா அக்கா புருஷன் நீங்க. அவ்வளவு ஆசையாக் கேட்டீங்க. இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

 புதுசை நீட்டினால் யார் வேண்டாம் என்பார்கள் என்றல்லவா இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

மருந்துப் பையோடு அக்கா உள்ளே வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா" என்றான் தம்பி. "மாமா தைரியம் சொல்லிட்டிருந்தாரு."