அண்ணன் பார்த்த காயம்

ஹாலில் நாற்காலி ஒன்று தடாலென்று சாய்ந்தது. குளியலறையில் சோப்பு நுரையில் ஊறிய கனத்த வெள்ளைச் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தவள், பிழிந்த கை பிழிந்தபடி நின்றுவிட்டாள்.

"பொம்பளை மேல கை வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

அண்ணனின் குரல்! சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார்.

"மச்சான், முதல்ல உக்காருங்க. தண்ணி கொண்டு வரட்டுமா?" என்று கணவர் தழுதழுப்பது கேட்டது.

"தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்க கீழ்வீட்டம்மா ஃபோன்ல ஓன்னு அழுதுட்டாங்க. என் தங்கச்சி கையெல்லாம் கன்னிப்போயிருக்காம். கழுத்துல கீறலாம். ராத்திரி ஆனா நொண்டிக்கிட்டே படியேறுறாளாம். என்னடா பண்ணின அவளை?"



பாவம் அந்த மனிதர்! பேக்கரியில் பகலெல்லாம் மாவு பிசைகிறவர். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட அட்டையில் ஏற்றி, ஜன்னல் வழியாக வழியனுப்பி வைக்கிறவர். அவரா அடிப்பார்? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. 'எங்கண்ணனுக்கு மட்டும் தெரியவே கூடாது' என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தவள் இவள்தானே!

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது இவள் வேலை. நாற்பதைத் தாண்டிய வயது. தரையில் கட்டிப் புரண்டு மடக்கும் ஜியு ஜிட்சு வகுப்பில் மகளைச் சேர்க்கப் போனாள். அடுத்தவர் வியர்வை நாறுகிறது என்று மகள் ஒரே வாரத்தில் நின்றுவிட்டாள். அதைச் சொல்லிவிட்டு வரப் போன அன்று, பயிற்சியில் ஜோடிக்கு ஓர் ஆள் குறைந்தது. "அக்கா, சும்மாதானே நிக்கறீங்க, வாங்க" என்று கூப்பிட்டார் மாஸ்டர். அன்று மெத்தையில் கால் வைத்தவள்தான், இன்றுவரை விடவில்லை. இப்போது பிழிந்துகொண்டிருந்ததும் அந்தப் பயிற்சிச் சட்டையைத்தான்.

என்ன கற்றுக்கொண்டாள்? பல மாதங்கள் அவள் கண்டதெல்லாம் அந்தக் கூரையின் டியூப் லைட்தான். யாராவது மேலே ஏறி அமுக்குவார்கள், இவள் மூச்சுத் திணறிக் கையால் தட்டுவாள். தட்டினால் 'தோற்றேன், விடு' என்று அர்த்தம். "நான் இன்னும் பிடிக்கவே ஆரம்பிக்கலையேக்கா!" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு வந்த பொடிசுகளெல்லாம் அடுத்த படியான நீல பெல்ட் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். இவள் இடுப்பில் அதே வெள்ளை.

ஆனால் இப்போதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் தட்டுவதில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு கிடப்பாள். மேலே இருப்பவர் அசையும்போது உள்ளங்கை அகலத்துக்கு இடம் கிடைக்கும். பல நாள் அதுவும் கிடைக்காது. இவளுடைய முன்னேற்றம் மொத்தமும் அவ்வளவுதான்!

ஈரக் கையோடு ஹாலுக்கு ஓடினாள்.

"அண்ணா! அவரு என்னை அடிக்கலை."

அண்ணன் திரும்பினார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன. "அடிக்கிறவனைக் காப்பாத்தாதேம்மா. கிளம்பு, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

"நான் ஒரு வகுப்புக்குப் போறேண்ணா. மல்யுத்தம் மாதிரி. அதுல பட்டதுதான் இதெல்லாம்."

"கதை கட்டாதே!"

உண்மை வெளியே வந்த நிம்மதியில் கணவர் உற்சாகமானார். "நெசந்தான் மச்சான்! இருங்க, வீடியோவே இருக்கு." மடமடவென்று போனைத் தேய்த்து அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க, எப்படித் தாக்குப் பிடிக்கிறா!"

ஐயோ, அதைக் காட்டாமல் இருந்திருக்கலாமே! திரையில் தாடிக்கார வாலிபன் ஒருவன் தங்கையின் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்து, அவள் கழுத்துப்பட்டியைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணன் போனை மெல்ல மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு அவரு உன்னை அடிச்சிருந்தாக்கூடத் தேவலைம்மா."

கணவர் பேந்தப் பேந்த விழித்தார்.

அப்பா இறந்தபோது இவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு மூட்டை தூக்கப் போய் இவளை வளர்த்தவர் அண்ணன். தன் தட்டில் இருந்ததை இவள் தட்டில் போட்டவர். அவர் 'சைக்கிள் வேணாம்' என்றபோதும் 'சரிண்ணா'. 'மேல படிக்க வேணாம்' என்றபோதும் 'சரிண்ணா'. பாசத்தால் கட்டப்பட்டவள் எங்கே போய் முறையிடுவாள்?

"இனிமே போகமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்," என்றார்.

'சரி' என்ற அந்த இரண்டெழுத்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கதவும் சுவரும் நெருங்கி வந்து அழுத்துவதுபோல் இருந்தது. சொல்லிவிட்டால் போதும், இந்த வலி நின்றுவிடும். அண்ணன் சிரித்துவிடுவார்.

அவள் சொல்லவில்லை.

"சரி, அங்க போய் என்னத்தைக் கிழிச்ச? யாரையாவது ஜெயிச்சியா?"

"இல்லண்ணா. இன்னும் ஒருத்தரைக்கூட ஜெயிக்கலை."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"முன்னெல்லாம் மேல ஏறின உடனே விட்டுக்குடுத்துடுவேன். இப்ப கொஞ்ச நேரம் தாங்கறேன்."

"இது ஒரு பெருமையா?"

"எனக்குப் பெருமைதாண்ணா."

"உன்னைத் தூக்கி வளர்த்தவன் கேட்கிறேன். உனக்கு நான் வேணுமா, அது வேணுமா?"

கேட்டுவிட்டாரே! கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாரே! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

"நீங்க வேணுண்ணா. உசிரு இருக்கறவரைக்கும் வேணும். ஆனா அதை விடமாட்டேன். சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா, கையைப் பிடிச்சுக் கேட்கறேன்."

பிடித்த கையை அவர் உதறவில்லை. அதில் கன்றியிருந்த இடத்தை மட்டும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு தானாகவே குனிந்து, சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். செருப்பில் கால் நுழையாமல் தடுமாறினார். கணவர் குனிந்து எடுத்துக் கொடுக்கப் போக, "விடுங்க மாப்பிள்ளை," என்றார். அவர் மன்னிப்புக் கேட்டது அந்த ஒரு 'மாப்பிள்ளை'யில்தான்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை இந்த வாசலில் நின்று 'போயிட்டு வரேம்மா' என்று சொன்னவர், இன்று தங்கையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"போறேன்."

படிகளில் அவர் காலடிச் சத்தம் தேய்ந்து, கீழே தெருக்கதவு திறந்து மூடியது. ஓடிப்போய்க் கூப்பிடு என்று கணவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.